மதில் இல்லாத மாளிகை

என் கமலாக்காவுக்கு,

உன் அட்டை மாளிகையை பீரோவின் மேலிருந்து இறக்கிவிட்டேன். தரையில் வைத்துவிட்டுத் தூசி துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள், நீ பார்க்காத என் மகள் மலர் அதன் முன்னாலிருக்கும் குளத்தில் பிளாஸ்டிக் வாத்தை விட்டுவிட்டாள். அது வெறும் கண்ணாடித் துண்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? "பெரியம்மா கட்டின வீடு" என்று சொல்லிக்கொடுத்தேன். "பெரியம்மா எங்க?" என்றாள். நீயே சொல்லேன்.

கட்டடக்கலைப் படிப்பின் கடைசி வருடத்தில் நீ வெள்ளை அட்டையில் செய்த மாதிரி அது. ஒரு ஜனாதிபதிக்கு அரசு வீடு வடிவமைக்க வேண்டும் என்பது உங்களுக்குக் கொடுத்த வேலை. மற்றவர்கள் எல்லாம் கோபுரமும் தங்கக் கூரையுமாகச் செய்திருந்தார்கள். நீ மட்டும், பிரேசில் நாட்டு ஜனாதிபதியின் வீட்டுப் படங்களை பீரோக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு, கப்பல் பாய் போல வளைந்த அந்தத் தூண்களையே பார்த்துக்கொண்டிருப்பாய். உன்னுடையதும் அப்படித்தான் வந்தது. மெல்லிய தூண்கள், மிதக்கிற மாதிரி ஒரு தட்டைக் கூரை, சுற்றிலும் கண்ணாடி.

மாதிரியைத் தூக்கிக்கொண்டு நானும் உன் கூட வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் சயா, அந்த வயதான பர்மிய ஆசிரியர், அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மா கமலா, மதில் எங்கே?"

"போடலை சயா."

"மறந்துட்டியா?"

"யோசிச்சுத்தான் போடலை."

"அப்ப ஜனாதிபதி ராத்திரி எப்படித் தூங்குவார்?"

"தூக்கம் வரலைன்னா, பகல்ல என்ன செஞ்சோம்னு யோசிக்கட்டும் சயா."

எல்லாரும் சிரித்தார்கள். சயா சிரித்துக்கொண்டே மார்க்கைக் குறைத்தார்.

அக்கா, நீ எங்களை விட்டுப் போன மழைக்காலத்துக்குப் பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன். ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோக முடியும் என்றால், எதுதான் நடக்காது? மலர் நடக்கத் தொடங்கியதும் பால்கனியைத் தரையிலிருந்து கூரை வரை கம்பியால் அடைத்தேன். வாசலில் மடக்கு இரும்புக் கதவு, அதில் பெரிய பூட்டு. யாங்கோனில் எல்லா மாடி வீடும் இப்படித்தானே என்று சொல்லிக்கொண்டேன். என் கணவர் கோ ஸோ கேட்டார், "வள்ளி, நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு?" தூங்கிக்கொண்டிருந்தவளைக் காட்டினேன்.

அப்புறம் பூமி அதிர்ந்த அந்த மத்தியானம். நீ இருந்திருந்தால் எப்படிப் பயந்திருப்பாய்? விளக்கு ஊஞ்சலாடியது. மலரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சாவி திரும்பவில்லை. மாடிப்படியிலிருந்து பக்கத்து வீட்டு வயதான அம்மா டோ கின் கத்தினார், "வள்ளி, கீழே வாம்மா! என்ன பண்றே உள்ளே?"

"பூட்டு திறக்கல ஆன்ட்டி!"

"உடைச்சுப் போடு!"

எதை வைத்து உடைப்பது? பூட்டு திறப்பதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. வடக்கே எத்தனையோ வீடுகள் விழுந்தன. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கு ஆடியதைப் பார்த்து மலர் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட கம்பிக்குப் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

நீ ஒரு தடவை சொன்னது அப்போதுதான் உறைத்தது. "தூண் ஒல்லியா இருக்கறது அழகுக்கு மட்டும் இல்லடி. கூரையைத் தூண் தாங்கிட்டா சுவருக்குப் பாரமில்லை. சுவருக்குப் பாரமில்லைன்னா, எங்க வேணும்னாலும் கதவு வைக்கலாம்." உன் மாளிகையில் மதில் இல்லாததைத்தான் இத்தனை நாள் பார்த்திருக்கிறேன். நாலு பக்கமும் கதவு இருப்பதைப் பார்த்ததே இல்லை.

ஆனால் உன் குளத்தை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். சுற்றி ஒரு தடுப்புக் கம்பிகூட இல்லை. ஜனாதிபதிக்குச் சின்னப் பிள்ளை இருக்காதா? பேரப்பிள்ளை வராதா? பிள்ளை பெற்றிருந்தால் நீ அதை அப்படி வரைந்திருப்பாயா, அக்கா?

நகர ஓரத்து ஷ்வேப்யிதாவிலிருந்து ஒரு வெல்டரை வரவழைத்தேன். எங்கள் பால்கனிக்கும் டோ கின் பால்கனிக்கும் நடுவிலுள்ள கம்பித் தடுப்பில் ஒரு கதவு வைக்கச் சொன்னேன். இந்தப் பக்கம் வழி அடைபட்டால் அவர் வீட்டு வழியாகப் படிக்குப் போகலாம். அவருக்கு நடக்க முடியாமல் போனால் நான் போய்த் தூக்கலாம். டோ கின்னிடம் கேட்கத்தான் தயக்கமாக இருந்தது. அவர் சிரித்தார். "இனிமே உன் மீன்குழம்பு வாசனை மட்டும் இல்ல, சட்டியே இந்தப் பக்கம் வரணும்."

"பூட்டு மாட்ட வளையம் வைக்கவா?" என்று வெல்டர் கேட்டான். என் வாய் 'சரி' என்று சொல்லப் போனது. வேண்டாம் என்றேன். இரண்டு பக்கமிருந்தும் திறக்கிற ஒரு கொண்டி போதும், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். நாங்கள் உள்ளே இருக்கும்போது வாசல் கதவிலும் இப்போது பூட்டு இல்லை, தாழ்ப்பாள் மட்டும்தான். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. படுத்த பிறகும் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

இப்போதே மலர் நுனிக்காலில் நின்று அந்தக் கொண்டிக்குக் கையை நீட்டுகிறாள். ஒருநாள் எட்டிவிடும். அன்றைக்கு அதை இன்னும் மேலே ஏற்றிவிட மாட்டேன், அக்கா. எப்படித் திறப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்த பயந்தாங்கொள்ளித் தங்கை,
வள்ளி