வாசல் பலகையில் என் எழுத்து

மார்ச் 3, செவ்வாய்
டிக்கெட் கிழிப்பதோடு, காட்டில் தென்பட்ட விலங்குகளைப் பூங்கா வாசல் கரும்பலகையில் எழுதுவதும் என் வேலை. இன்று: மான் முப்பது, கரடி ஒன்று, குட்டி இரண்டு. எழுத்து அழகாக இருக்கிறதென்று சிலர் படம்கூட எடுக்கிறார்கள்.
நுழைவுக் கட்டணத்தை இரட்டிப்பாக்கப் போகிறார்களாம். கருத்து எழுதிப் போட வாசலில் ஒரு பெட்டி வந்திருக்கிறது. வேலி கட்டத்தான் பணம் என்கிறார் பூங்கா அதிகாரி. போன தடவை ஏற்றியபோதும் இதையேதான் சொன்னார்.

மார்ச் 5
அக்கா மகளின் காலுறை முழுக்க ஒட்டுமுள். ஓடைப் பக்கம் வேலி விழுந்து கிடக்கிறதே, அந்த வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். குடும்பத்தோடு! சத்தம் போட்டேன்.
"நாலு பேரு உள்ள போற காசுல ஒரு வாரம் சமைச்சிடலாம்டி" என்றாள் அக்கா. "உன் கரடி எங்கள என்ன பண்ணப்போகுது?"
குட்டி போட்ட கரடி அது. அந்த ஓடைக்குத்தான் தண்ணீர் குடிக்க வரும்.

மார்ச் 6
எழுதிப் போட்டுவிட்டேன். போன தடவைப் பணத்தில் ஓடைப் பக்கம் ஒரு கம்பிகூட நடவில்லை. கட்டணம் ஏறினால் இன்னும் பலர் அங்கேதான் நுழைவார்கள். ஒருநாள் கரடியிடம் மாட்டுவார்கள் என்று. பெயர் போடவில்லை.

மார்ச் 9, திங்கள்
ஐயோ. மேலிடத்து உத்தரவாம், வந்த கருத்துகளை எல்லாம் வாசலில் ஒட்டிவிட்டார்கள். என் தாள் என் கரும்பலகைக்குப் பக்கத்திலேயே! பெயரை மறைத்த மகா புத்திசாலி, கையெழுத்தை மறந்துவிட்டேனே. அதே சாய்வு, அதே சுழித்த வால்.
"உள்விஷயம் தெரிஞ்சவன் எவனோ எழுதியிருக்கான்" என்றாராம் அதிகாரி. எவனோ என்றாரே, அதுவரை சரி. என் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பதும் நிறுத்துவதும் அவர் கையில்.

மார்ச் 10
சுளுக்கு என்று வலது கையில் துணி சுற்றிக்கொண்டு, இடது கையால் பலகை எழுதினேன்.
"கோழி கிளறினாப்புல இருக்கேம்மா" என்றார் காவலாளி அண்ணன். பிறகு தாளைப் பார்த்தார். என் துணியைப் பார்த்தார். தெரிந்துவிட்டதா? தாளைக் கிழித்துவிடலாமா? வாசலில் கேமரா இருக்கிறது.

மார்ச் 11
இன்றும் துணியோடு, இடது கையால்தான் பலகை எழுதினேன்.

மார்ச் 14, சனி
கருத்துக்கேட்புக் கூட்டம். "கூட்டம் குறைஞ்சாத்தான் காடு பிழைக்கும்" என்றார் ஒருவர். "காடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றார் இன்னொருவர். ஒரு பெண் எழுந்து, கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த என் தாளை வாசித்தாள். இது உண்மையா என்று கேட்டாள்.
அதிகாரி என் பக்கம் திரும்பினார். "வாசல்ல வேலை பாக்கிறவங்களே சொல்லட்டும். ஓடைப் பக்கம் வேலி இருக்கா, இல்லையாம்மா?"
"இருக்குங்க சார்."
நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. பின்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் சிரித்தாள். "அப்போ நாங்க எது வழியாடி உள்ள போறோம்?"
சே, நானெல்லாம் ஒரு மனுஷி.

மார்ச் 18
ஏப்ரல் முதல் புதிய கட்டணம். முடிவாகிவிட்டது.

மார்ச் 22, ஞாயிறு
ஓடையில் கரடி துரத்தியிருக்கிறது. அக்கா மகள் பாறையில் விழுந்து முழங்கை உடைந்துவிட்டது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. கட்டுப் போடும்போது கேட்டாள், "சித்தி, வேலி இருக்குன்னு ஏன் சொன்னீங்க?" அக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 23, திங்கள்
புதிய கட்டணத்தைப் பலகையில் எழுதச் சொல்லி அதிகாரியிடமிருந்து சீட்டு வந்தது. துணியை அவிழ்த்தேன். வலது கையால் கட்டணத்தை எழுதினேன். அதற்குக் கீழே, யாரும் சொல்லாமல்: ஓடைப் பக்கம் வேலி இல்லை. குட்டிகளோடு கரடி இருக்கிறது. அந்த வழியாகப் போகாதீர்கள்.
பக்கத்துத் தாளில் இருக்கும் அதே எழுத்து. வரிசையில் நின்றவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள்.
"சுளுக்கு சரியாப் போச்சாம்மா?" என்றார் காவலாளி அண்ணன்.
"சரியாப் போச்சுண்ணே."
பயம் மட்டும் போகவில்லை. மணி ஒன்பதரை. அதிகாரி பத்து மணிக்கு வருவார்.