சலூன் மாமா ஒத்துக்கொண்ட சனிக்கிழமை

என் கண்ணு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நானும் இருக்கிறேன். நல்லபடியாக என்று எழுதப் பேனா போகிறது, கை போகமாட்டேன் என்கிறது, அதனால் இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், வேலைக்கும் போகிறேன், தையல் கம்பெனியில் நூல் வெட்டுகிற மேசையை ஜன்னல் பக்கமாக மாற்றியிருக்கிறார்கள், கண்ணுக்குக் கொஞ்சம் தேவலை. பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னேனே, ஆள் வந்து புதுக்குழாய் போட்டுவிட்டுப் போனார். பழைய குழாயில் உங்கள் அப்பா டயர் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டி வைத்திருந்தார் இல்லையா, அதை அந்த ஆள் கத்தியால் அறுத்துக் கீழே போட்டார், எனக்கு யாரோ அடித்த மாதிரி இருந்தது. எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்திருக்கிறேன், சிரிக்காதே. நீ குளிருக்கு அந்தத் தடிமனான சட்டையைத்தானே போடுகிறாய், அழகாக இல்லை என்று மெல்லிசா எதையாவது போட்டுக்கொண்டு திரியாதே.

போன ஞாயிறு போனில் நீ கேட்டாய், ஏம்மா சலூன் மாமா நம்ம வீட்டுப் பக்கமே வரதில்லையாமே, என்ன ஆச்சுன்னு. நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல வராததை எழுதியாவது சொல்லலாம் என்று, கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்த பிறகு கிடைக்கிற நேரத்தில் எழுதுகிறேன், இன்றோடு நாலு நாள் ஆகிறது, அஞ்சாவது வரை படித்த கை, மெதுவாகத்தான் ஓடும். நீ கோபப்படுவாய். பட்டுக்கொள், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

அப்பாவை எடுத்துப்போன அன்றைக்கு நீ விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய், ஒரு பக்கக் கிருதா மட்டும் ஏம்மா நீளமா இருக்குன்னு என் காதில் கேட்டாய். படுத்தே கிடந்தாரில்ல, முடி வெட்டும்போது அசைஞ்சுட்டார்னு சொன்னேன். அது பொய். அவர் அசையவில்லை, எழுந்து வந்துவிட்டார்.

சலூன் மாமா கடையில் நடக்கிற சண்டை உனக்குத் தெரியாததா. பஸ் டிப்போவில் சனிக்கிழமை வேலை முடிந்ததும் டயர் கருப்பைக்கூடக் கழுவாமல் ரோட்டைத் தாண்டி அங்கே போய் உட்கார்ந்துவிடுவார், நாலு மணிக்கு ஆரம்பித்தால் விளக்கு போடுகிறவரைக்கும் ஓடும், உலகத்திலேயே பெரிய போட்டி எதுன்னு. கடல் தாண்டி ஒரே ஊரில் இருக்கிற ரெண்டு ஃபுட்பால் டீம்தான் என்று அப்பா சொல்வார், எதிர் டீம் கலரில் வீட்டுக் கதவுக்குக்கூடப் பெயிண்ட் அடிக்கமாட்டானுங்கடா, அப்படி ஒரு வைராக்கியம்னு. சலூன் மாமாவுக்கு பாக்சிங். போடா, பதினொரு பேர் சேர்ந்து ஓடினா அது கூட்டம், தோத்தா பழியைப் பங்கு போட்டுக்கலாம், ரெண்டே பேர் கயித்துக்குள்ள நிக்கணும், ஒளியறதுக்கு இடம் இருக்கக்கூடாது, இவன் இருக்கிறதாலதான் அவன் பெரிய ஆள், ஒருத்தன் இல்லைன்னா இன்னொருத்தன் வெறும் தடியன்னு அவர் சொல்வார். உன் தடியன்ல ஒருத்தன் செத்தா போட்டியும் சேர்ந்து செத்துது, என் டீம்ல ஒருத்தன் போனா அவன் சட்டையை இன்னொருத்தன் மாட்டிக்கிட்டு இறங்குவான்னு இவர் சொல்வார். சட்டையைப் பத்தி நீ பேசாத, உன் சட்டையைப் பிழிஞ்சா வர்ற ஆயில்ல ஒரு பஸ்ஸை ஓட்டலாம்னு அவர் சொல்வார். பேப்பர்காரர் நடுவில் நுழைந்து கிரிக்கெட் என்றால் போதும், அஞ்சு நாள் ஆடியும் யாரும் ஜெயிக்காத ஆட்டத்தை இங்க கொண்டுவராதேன்னு ரெண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து அவரை வெளியே துரத்துவார்கள். நீயும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டவள்தானே, ஆமா ரெண்டு பேர்ல யாராவது நேர்ல போய்ப் பாத்திருக்கீங்களான்னு ஒரு நாள் கேட்டு ரெண்டு பேர் வாயையும் அடைத்தவள்.

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா. அந்தக் கடைக்குள் யார் முதலில் சரி என்ற வார்த்தையைச் சொல்கிறாரோ அவர் தோற்றவர். அதனால் எதற்குமே அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். அவர் கண்ணாடியைக் காட்டி இவ்வளவு போதுமாப்பான்னு கேட்பார், இவர் பொம்மை மாதிரி தலையை மட்டும் ஆட்டுவார். இருபத்தேழு வருஷம். உன்னைப் பிரசவ ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோதுகூட, குழந்தை என் ஜாடைதானேடான்னு அப்பா கேட்டதற்கு அந்த மனுஷன் சரி என்று சொல்லவில்லை, மூக்கு மட்டும்னு சொல்லிவிட்டுப் போனார்.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பரவிடுச்சும்மா, மூணு மாசம் பாக்கலாம் என்று சொன்ன அன்றைக்கு உனக்குப் போன் போட்டேன். அப்பாகிட்ட சொல்லாதம்மா, வயித்துப் புண்ணுன்னு சொல்லி வைன்னு நீ சொன்னாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை, நீ சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் மனசுக்குள் அதை வைத்துக்கொண்டு அவருக்குத் தட்டு வைக்க முடியவில்லை கண்ணு. ஒரு நாள் காய்கறிக் கடையில் சலூன் மாமாவைப் பார்த்தேன், எப்படி இருக்கான், சனிக்கிழமை வந்தா பாதியிலயே களைச்சுப்போறானேன்னு கேட்டார், நான் கூடையை வைத்துவிட்டு அங்கேயே அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தெரியாதுண்ணா, நீங்க எப்பவும் போல இருங்கண்ணான்னு சொன்னேன். அவர் என் கூடையை எடுத்துக் கையில் கொடுத்து, என் உயிர் போனாலும் வாய் திறக்கமாட்டேன் தங்கச்சின்னு சொன்னார். வாய் திறக்கவும் இல்லை, அதுதான் கொடுமை.

அந்த வாரச் சனிக்கிழமை அப்பா நாலு மணிக்குப் போனவர் நாலரைக்கே திரும்பி வந்தார். கழுத்தில் சலூன் துணி கட்டியபடியே, தோளெல்லாம் முடி, ஒரு பக்கம் வெட்டி ஒரு பக்கம் வெட்டாமல் ரோட்டில் நடந்து வந்திருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு இன்னும் எத்தனை நாளாம், அவன்கிட்ட நீ என்ன சொல்லி வெச்சிருக்கன்னு கேட்டார். நான் எதைங்கன்னு கேட்டேன். அவர் சொன்னார், பேசும்போது எனக்கு மூச்சு வாங்குச்சு, நடுவுல நிறுத்திட்டேன், அவன் கத்தரிக்கோலைக் கீழ வெச்சுட்டு, சரிப்பா, நீ சொன்னதுதான் சரி, டீம்தான் பெரிசுன்னு சொல்றான், இருபத்தேழு வருஷம் சொல்லாதவன் சொல்றான், அப்ப நான் போகப்போறேன்னுதானே அர்த்தம், டாக்டர் சீட்டுல எழுதிக் கொடுத்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு தெளிவாப் புரிஞ்சிருக்காதுன்னு. அவர் என் முகத்தையே பார்த்தார், அப்புறம் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாவம் பார்த்து ஜெயிக்க விட்டுட்டான்னு மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் அஞ்சு வாரம்தான் இருந்தார். சலூன் மாமா ரெண்டு தடவை வந்தார். முதல் தடவை இவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தார். ரெண்டாவது தடவை நான் உள்ளேயே விடவில்லை. வாசலில் நிறுத்தி, உங்க வாய் எப்பவும் போல சண்டை போட்டிருந்தா இந்த மனுஷன் நிம்மதியா இருந்திருப்பார், நல்லது பண்றேன்னு கொன்னுட்டீங்கன்னு சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவர் வெட்டாமல் விட்ட கிருதாவை வேறு யாரையும் தொட விடவில்லை அப்பா, நானே வெட்டுகிறேன் என்றதற்குக்கூட கையைத் தட்டிவிட்டார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். உயிர் போவதற்கு மூன்று நாள் முன்னால், காலையில் முகம் துடைத்துவிடும்போது அப்பாவே பேச்சை எடுத்தார். அவன்கிட்ட போய்ச் சொல்லு, அன்னைக்கு அவன் கொடுத்ததை நான் வாங்கிக்கலை, அது கணக்குல சேராது, இன்னும் முடியலைன்னு சொல்லு, வரச் சொல்லுன்னு சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை கண்ணு, பழைய சனிக்கிழமைக் குரலில் சொன்னார். நான் ம் என்றேன். போகவில்லை. டிப்போ கேட்டுக்கு எதிரில் கடை, பத்து நிமிஷ நடை, போகவில்லை. மறுநாள் வந்தானான்னு கேட்டார், கடை பூட்டியிருக்குன்னு சொன்னேன். அடுத்த நாள் அவருக்குக் கேட்கவே தெம்பு இல்லை. ஏன் போகவில்லை என்று நாலு மாசமாக என்னையே கேட்டுக்கொண்டு இருக்கிறேன். சலூன் மாமாமேல் கோபம் என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. அவர் தப்பில்லை என்று ஆகிவிட்டால் காய்கறிக் கடையில் வாய் திறந்தவள் நான்தானே மிஞ்சுவேன். அதனால் அவரைக் குற்றவாளியாகவே வைத்திருந்தேன். அப்பாவை எடுத்துப்போன அன்றைக்கு அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார், நீ பார்த்திருக்கமாட்டாய், நான் பார்த்தேன், கூப்பிடவில்லை.

போன வாரம் எங்கள் மேசையில் பட்டன் வைக்கிறவள் சொன்னாள், டிப்போ எதிர்ல சலூன் மூடறாங்களாம், அவர் பெரிய மக வீட்டோட போறாராம், நாற்காலியைக்கூட வித்துட்டாராம்னு. எனக்கு கத்தரி ஓடவில்லை. மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அந்த சலூன் துணியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனேன். நாற்காலி இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு தடம்தான் இருந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாடி வளர்த்திருக்கிறார், ஊருக்கெல்லாம் மழித்துவிட்ட மனுஷன். என்னைப் பார்த்ததும் எழுந்து, திட்டு வாங்கத் தயாராக நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். நான் துணியைக் கொடுத்தேன். அப்பா சொன்னதைச் சொன்னேன், எந்த நாளில் சொன்னார் என்பதையும், நான் சொல்லாமல் வைத்திருந்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். துணியை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், தோள் மட்டும் குலுங்கியது, நானும் பெஞ்சின் அந்த மூலையில் உட்கார்ந்து அழுதேன். ரொம்ப நேரம் கழித்து, வரச் சொன்னானான்னு கேட்டார். சொன்னார்ணா என்றேன். கெட்ட வார்த்தை ஏதாவது சேர்த்தானான்னு கேட்டார். இல்லண்ணான்னு சொன்னேன். அப்ப உடம்பு நிஜமாவே முடியாமத்தான் இருந்திருக்குன்னு சொன்னார், அழுகையோடேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பழைய முகத்தோடு என்னைப் பார்த்து, பாத்தியா தங்கச்சி, கடைசியில நான் சொன்னதுதான் நின்னுச்சு, ரெண்டே பேர், ஒருத்தன் போனான், முடிஞ்சுபோச்சு, இன்னொருத்தன் வெறும் தடியனா உக்காந்து சீப்பு துடைக்கிறான்னு சொன்னார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. முடியலைன்னு அவர் சொல்லி அனுப்பியிருக்கார், நீங்க யார் முடிக்கிறதுக்குன்னு கேட்டேன். பின்ன யாரு இறங்கப்போறா, நீயா, உனக்கு கோல் கம்பம் எது கொடிக் கம்பம் எதுன்னு தெரியுமான்னு கேட்டார். எனக்குத் தெரியாது, என் மகளுக்குத் தெரியும்னு சொன்னேன்.

அவர் துணியை மடித்துக்கொண்டே, அந்த வாயாடியான்னு கேட்டார். அவளேதான் என்றேன். அவ அப்பனை விட மோசமாச்சேன்னு சொன்னார். இன்னும் ஏழெட்டு சனிக்கிழமை கடையில இருப்பேன், பெஞ்சை இன்னும் விக்கலைன்னு அவராகவே சொன்னார். நான் கிளம்பும்போது அந்தத் துணியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார், அவன் கழுத்துல போனது அவன் வீட்லயே இருக்கட்டும்னு.

இவ்வளவுதான் கண்ணு. உங்கள் அப்பா கேட்ட ஒரே ஒரு வேலையை நான் அவர் இருக்கும்போது செய்யவில்லை, அதை இனி ஒன்றும் பண்ண முடியாது, அந்தப் பாரத்தை நான் தூக்கிக்கொள்கிறேன். நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் இருந்துகொள், ஆனால் இதை மட்டும் தள்ளிப்போடாதே. சலூன் மாமா நம்பரைக் காகிதத்தின் பின்னால் பெரிதாக எழுதியிருக்கிறேன். இங்கே சனிக்கிழமை நாலு மணி என்றால் உனக்கு என்ன மணியோ பார்த்துக்கொள், தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று ஒரு நாள் எழுந்து அவரைக் கூப்பிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும், கை கால் சுகத்தோடு, உன் வாய் குறையாமல், உன்னை எதிர்த்துப் பேச ஒரு துணையோடு நூறு வருஷம் இருக்க வேண்டும், அதுதான் அம்மா கேட்டுக்கொள்வது. வேளைக்குச் சாப்பிடு. போனில் அவர் குரலைக் கேட்டதும் உனக்கு அழுகை வரும், எனக்குத் தெரியும், ஆனால் அடக்கிக்கொள். நீ அழுதால் அந்த மனுஷன் மறுபடியும் விட்டுக்கொடுத்துவிடுவார். என்ன சொன்னாலும் நீ மட்டும் ஒத்துக்கொள்ளாதே.

உன் அம்மா