மேல்தட்டுப் பெட்டி

என்னங்க, அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. கடைக்குக் கிளம்பிட்டேன். மேல்தட்டுல இருந்த எண்ணெய்ப் பெட்டி தோள்ல விழுந்த பிறகு இன்னைக்குத்தான் வேலைக்குப் போறேன். "அந்தக் கடைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே"ன்னு நேத்து கத்தினீங்க. பயத்துலதான் கத்தினீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா கனமான பெட்டியெல்லாம் கீழே வந்தாத்தான் ஏணியில ஏறுவோம்னு கூட வேலை செய்றவங்க எல்லாரும் ஒண்ணா நின்னுட்டாங்க. இன்னைக்குக் காலையிலேயே இறக்கிடறேன்னு மேனேஜர் ஒத்துக்கிட்டாராம். அதை என் கண்ணால பார்க்கணும்.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் கடை வாசலுக்கு வந்தீங்கன்னா சேர்ந்தே நடந்து வரலாம்.

சொல்ல மறந்துட்டேன். இத்தனை நாளா நீங்க கோணல்மாணலா பின்னிவிட்ட சடையை இன்னைக்கு நானே பின்னிக்கிட்டேன். கை தலைக்கு மேல போகுது. கொஞ்சம்தான் வலிச்சுது.