அது பந்து இல்லடா

தைப்பூசத்துக்கு முதல் நாள், ராத்திரி

ரதம் வர்ற தெருவோரத்துல நின்னு, உடைக்க அம்மா தேங்காய் மூட்டையைப் பிரிச்சாங்க. நான் தொடலை.

"போன வருஷமும் அப்பாவுக்காக உடைச்சோம். முருகனுக்குத் தேங்காய் மட்டும்தான் பிடிக்கும்போல, நம்ம வேண்டுதல் பிடிக்கலை"ன்னேன்.

எப்பவும் என் வாய்க்கு அடி விழும். இன்னைக்கு விழலை.

"அப்பா பிழைக்கணும்னு நான் வேண்டலடா. டாக்டர் அப்பவே கையை விரிச்சுட்டாரு. அப்பாதான் கடைசியா ஒரு தடவை ரதத்தைப் பார்க்கணும்னாரு. அதைத்தான் கேட்டேன். முருகன் கொடுத்துட்டாரு லா."

உண்மைதான். சக்கர நாற்காலியில வந்து பார்த்தார். நான் வீசின தேங்காய் உடையாம உருண்டு ஓடினப்போ, "டேய், அது பந்து இல்லடா!"ன்னு இருமி இருமிச் சிரிச்சார். அதுக்கப்புறம் அவர் சிரிச்சு நான் பார்க்கலை.

அம்மா ஒரு தேங்காயை மட்டும் தனியா நீட்டினாங்க.

"இது யாருக்கு?"

"காலையில நியூஸ்ல பார்த்தோமே, குண்டு விழுந்த வீட்டுல அப்பாவைத் தேடிட்டிருந்த பையன். அவனுக்கு."

"அவனுக்கு முருகனைத் தெரியாதேம்மா."

"முருகனுக்கு அவனைத் தெரியும். போடு."

போட்டேன். உருண்டுச்சு. பக்கத்துல நின்ன சீன அங்கிள் எடுத்துக் கொடுத்தார்.

"டேய், அது பந்து இல்லடா"ன்னாங்க அம்மா. குரல் உடைஞ்சுது. அப்புறம்தான், ரெண்டாவது தடவை வீசினப்போ, தேங்காய்.

அந்தப் பையனோட அப்பா கிடைச்சாரான்னு நாளைக்கு நியூஸ்ல சொல்ல மாட்டாங்க. கிடைச்சிருக்கணும். ஒரு தடவையாவது அவனைப் பார்த்துச் சிரிச்சிருக்கணும், இருமிக்கிட்டாவது.