எண்ணெய் குடித்த ரயர்

புரட்டாதி 13, திங்கள்

காலையிலிருந்து தூறல். வெளியில் போட்ட உடுப்பு ஈரமாகவே கிடக்கிறது. கடலை ஊறப் போட்டாயிற்று. சர்க்கரை இல்லை. மகள் வதனி வேலையால் வரும்போது வாங்கிவரச் சொல்ல வேண்டும்.

பேத்தி ஆரணி ஒரு பழைய சைக்கிள் சில்லைப் போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கி வந்தாள். கீழ்த்தெரு வரிசை வீட்டில் இருக்கிற ஹல்வோர் என்ற வெள்ளைக்காரக் கிழவருடையது. அவருடைய பூட்டனார் ஓடின சைக்கிளாம். காற்றடிக்கிற ரயர் உலகத்துக்கு வந்த புதிதில் செய்த சில்லு. ரயரை விளிம்போடு பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கழற்ற முடியாது.

சனிக்கிழமை நூலகத்தில், சைக்கிள் பிறந்த கதை பற்றி ஆரணியின் பேச்சு. சில்லை மேசையில் வைத்துக் காட்டுவாள். அவள் வேலை கேட்டிருக்கும் மியூசியத்து ஆட்களும் கேட்க வருகிறார்கள். இந்தப் பேச்சைப் பார்த்துத்தான் முடிவாம்.

சாப்பிட்டபடி கதை சொன்னாள். முதலில் மரச் சில்லு, அதன்மேல் இரும்புப் பட்டை. ஓடினவனின் எலும்பெல்லாம் கழன்றுவிடுமாம். பிறகு முன்சில்லு ஆளுயரம், பின்சில்லு சாப்பாட்டுத் தட்டளவு. விழுந்தால் தலைகீழ். பிறகுதான் ஒரு மாட்டு வைத்தியர் தன் மகனின் சின்னச் சைக்கிளுக்கு றப்பர் குழாய் சுற்றிக் காற்றடித்தாராம்.

“அந்தப் பிள்ளையின்ரை தாய் என்ன சொன்னவ?” என்று கேட்டேன்.

“அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை, அம்மம்மா.”

எழுதாமல் விட்டது பிழை.

14, செவ்வாய்

ஆரணி படிப்பு அலுவலாக ஸ்தவாங்கர் நகரத்துக்குப் போய்விட்டாள். நாளைப் பின்னேரம் வருவாள். கை சும்மா இருக்குதில்லை. ஜன்னல் துடைத்தேன். அலுமாரி அடுக்கினேன். திரும்பவும் ஜன்னல்.

நாளை ஆயுத பூசை. வைக்க வேண்டியவை: வதனியின் பிறசர் பார்க்கும் கருவி (முதியோர் இல்ல வேலையில் அவளுக்குச் சோறு போடுவது அதுதான்), என் தையல் மெசின், தேங்காய்த் திருவலை, ஆரணியின் புத்தகங்கள், சில்லு.

போர்வையை விலக்கிப் பார்த்தேன். ரயர் வெளிறி, காய்ந்து, எங்கும் வெடிப்பு. இந்தக் கோலத்தில் சாமிக்கு முன் வைக்க மனம் வரவில்லை. ஊரில் எங்கள் வீட்டில் பூசைக்கு முதல்நாள் சைக்கிளைக் கழுவி, ரயருக்கும் நல்லெண்ணெய் பூசி மினுக்கித்தான் வைப்போம். துணியில் தோய்த்துப் பூசினேன். குடித்துக்கொண்டே போனது. இன்னும் பூசினேன். கம்பியெல்லாம் துடைத்தேன். பிறகு பார்த்தால், கறுகறுவென்று அப்படி ஒரு மினுக்கம்!

முழங்கால் நோ. பரவாயில்லை.

15, புதன்

பூசை நன்றாய் நடந்தது. அவல், கடலை, வாழைப்பழம். சில்லுக்குச் சந்தனம், குங்குமம், நடுவில் செவ்வந்திப் பூ. படம் எடுத்துக் கனடாவில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பிவிட்டு, ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி வெள்ளைக்காரருக்குச் சைக்கிள் பிறந்த கதை படிப்பிக்கப் போகிறாள் என்று சொன்னேன்.

“அக்கா, உனக்கு இனி நிலத்திலை கால் பாவாது,” என்றாள். பொறாமைதான். அவளுடைய பேரன் கடையில் நிற்கிறான்.

பின்னேரம் ஆரணி வந்தாள். சப்பாத்துக் கழற்றவில்லை. சாமி மேசையைப் பார்த்தபடி நின்றாள்.

“அம்மம்மா, இதிலை என்ன பூசினனீங்கள்?”

“நல்லெண்ணெய், குஞ்சு. சுத்தமானது, பூசைக்கு எண்டு வாங்கினது.”

விரலால் தொட்டாள். றப்பர் விரலோடு வந்தது, தார் போல.

“எண்ணெய் றப்பரைத் தின்னும், அம்மம்மா. இது பழசு. வீங்கிப்போச்சு, பாருங்கோ. இதைத் தொடக்கூட அந்த மனுசன் கையுறை போட்டவர்.”

“என்னட்டை நீ சொல்லேல்லையே?”

“சாமிக்குக் குடுப்பீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை!”

அறைக்குள் போய்விட்டாள். அவல் அப்படியே இருக்கிறது. தங்கச்சி இன்னும் பூப்படம் போட்டு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

16, வியாழன்

விசயதசமி. பூசையில் வைத்ததை எடுத்து வேலை தொடங்குகிற நாள். வதனி தன் கருவியை எடுத்துக்கொண்டு போனாள். சில்லை எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. மெசினில் ஒரு தலையணை உறை தைத்தேன். கோணல். பிரித்தேன்.

போகும்போது வதனி: “அம்மா, அவளோடை இப்ப கதையாதேங்கோ. தானா வருவாள்.”

வரவில்லை. சுவருக்கு அப்பால் போனில் யாருடனோ இந்த நாட்டுப் பாஷையில், நொஸ்க்கில், கதைக்கிறாள். இடையில் “பெஸ்டமூர்” என்று கேட்டது. அம்மம்மா என்று அர்த்தம். மிச்சம் விளங்கவில்லை. விளங்காதது நல்லது.

மத்தியானம் நானே கதவைத் தட்டினேன்.

“நாளைக்கு ஹல்வோர் ஐயாட்டை நானும் வாறன்.”

“வேண்டாம். நான் சொல்லுறன்.”

“பூசினது என்ரை கை. உன்ரை வாய் ஏன் மன்னிப்புக் கேக்க வேணும்?”

வேண்டாம் என்று அவள் திரும்பச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த நொஸ்க் எல்லாம் நான் வேலை செய்த பாட்ஸ்பியோர்ட் மீன் பக்டரி நொஸ்க். கெதியாய். கத்தி. ஐஸ். ‘நாளைக்கு வேலை இல்லை’ என்கிற மாதிரி. இதை வைத்துக்கொண்டு எப்படி மன்னிப்புக் கேட்பது? குசினிக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து பாடமாக்கினேன்.

17, வெள்ளி

மழை விட்டது. குளிர். நல்ல சேலை, மேலே தடித்த கோட்டு.

ஹல்வோர் ஐயா மெலிந்த மனுசர். தன் வீட்டு வாசலிலேயே போர்வையை விலக்கினார். கையுறை போடாமல் பெருவிரலால் அமத்தினார். விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. விரலை முகர்ந்தார். ஆரணியைப் பார்த்தார்.

நான் முன்னுக்குப் போனேன். “உன்ஷில்,” என்றேன். மன்னியுங்கோ. பாடமாக்கின மிச்சம் எல்லாம் பறந்துவிட்டது. என் கையைக் காட்டி, ரயரைக் காட்டி, சாமி கும்பிடுவது போல் கும்பிட்டேன். மீன் பக்டரியில் மேலாளருக்கு முன்கூட நான் இப்படிக் குனிந்ததில்லை.

அவர் ஏதோ கேட்டார். ஆரணி நிறைய நேரம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. இது இனித் திரும்பாது என்றார். ஆரணி எனக்கு மெதுவாகச் சொன்னாள். அவளுடைய கண் சிவந்திருந்தது. அவர் சில்லோடு உள்ளே போய்விட்டார். கதவு பாதி திறந்தபடி.

“போவமே?” என்றேன்.

“பொறுங்கோ.”

நிலக்கீழ் அறையில் சாமான் இழுபடுகிற சத்தம். மேலே வந்தபோது அவர் கையில் அதே சைக்கிளின் மற்றச் சில்லு. ரயர் வெளிறி, வெடித்து, அழுக்காக. எண்ணெய் காணாதது.

ஆரணியிடம் கொஞ்சம் கதைத்தார். கதைக்கும்போது இரண்டு தரம் என்னைப் பார்த்தார்.

“என்னவாம்?”

“இதை நேரா நூலகத்துக்குக் கொண்டு போகட்டாம். வீட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டாமாம்.”

சுருக்கென்றது. நியாயம்தான்.

நிலத்தில் உருட்டக்கூடாது. ஆரணியின் தோளில் கணினிப் பை. படியெல்லாம் ஈர இலை. இரண்டு படி தனியாக இறங்கியவள் நின்று திரும்பினாள்.

“அம்மம்மா, அந்தப் பக்கம் வந்து பிடியுங்கோவன்.”

கோட்டுக் கையை மடித்துவிட்டுப் போனேன். கம்பியில் மட்டும் பிடித்தேன்.