நீலவேணியின் மூன்றாவது ஓலை

அன்பு மகள் எஸ்தருக்கு,

கண்ணு, நீலவேணி கதையின் கடைசிப் பகுதி வந்துவிட்டது. நடுவில் சில மாதம் பத்திரிகையே நின்றுபோயிருந்ததால், நீ போய் ஒரு மழைக்காலமும் முடிந்த பிறகு, தபால்காரர் சாவகாசமாகக் கொண்டுவந்து கொடுத்தார். நீலவேணியும் விஜயரங்கனும் சேர்ந்தார்களா இல்லையா என்று உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னது மெய்யா பொய்யா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். கதையை மாதாமாதம் அச்சிட்ட பத்திரிகைக்கே இந்தக் கடிதத்தையும் அனுப்புகிறேன். உனக்கு வேறு விலாசம் எனக்குத் தெரியாது.

நீ இருந்தவரைக்கும் உன் கதைப் புத்தகங்களை நான் தொட்டதில்லை. நீ வாசலில் உட்கார்ந்து, சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த நம் லைன் வீட்டுப் பெண்களுக்கு வாசிப்பாய். நான் ஷிப்ட் முடிந்து வந்து களி தின்றுகொண்டே குற்றம் சொல்வேன். இப்போது உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். குற்றம் சொல்வதை மட்டும் விடவில்லை.

அந்த மாயக்குதிரைக் கதையில் ராஜகுமாரன் பாதாள லோகத்துக்குப் போகிறான். கிணற்றில் குதிக்கிறான், அடுத்த வரியில் அரண்மனை. அங்கே காற்று எங்கிருந்து வருகிறது? மேல்கல்லுக்கு மரம் முட்டுக் கொடுத்தது யார்? ஊற்றுத் தண்ணீரை இறைப்பது யார்? ஒரு பாம்பு மாணிக்கத்தைக் கக்கி வெளிச்சம் காட்டுகிறதாம். போனவன் ராஜகுமாரியோடு சாயங்காலமே மேலே வந்துவிடுகிறான், தலைமுடிகூட நனையவில்லை. பூமிக்கடியில் மேஸ்திரி வேலை பார்க்கிறவன் இதைப் படித்தால் என்ன சொல்வான்? கேப்பையில் நெய் வடிகிறதென்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்றுதான் சொல்வான்.

ஆனால் ஒரு சங்கதி. நம் சுரங்கத்துக்கு இப்போது கம்பி வழியாக வெளிச்சம் வருகிறது. எண்ணெய் இல்லை, திரி இல்லை. முதல்நாள் அதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பாம்பு மாணிக்கம்தான் ஞாபகம் வந்தது. நீ இருந்திருந்தால், "இப்ப இன்னா சொல்றீங்க நைனா?" என்று கேட்டிருப்பாய். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் கீழே போன எல்லோரும் திரும்பி வருகிறார்கள். அந்த இடத்தை மட்டும் நான் மறுபடி வாசித்தேன்.

காதல் கதைகள் இதைவிட மோசம். பார்த்த மாத்திரத்தில் காதல், பார்க்காத மாத்திரத்தில் ஜுரம். நாயகி நாலு பக்கத்துக்கு ஒருதரம் மூர்ச்சை போடுகிறாள். நம் லைனில் பெண்கள் இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக மேடேறி வருகிறார்கள், ஒருத்தியும் மூர்ச்சை போட்டு நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? "நெஜமா நடக்கறதத்தான் தெனமும் பாக்குறமே நைனா. அத்த வேற புஸ்தகத்துல படிக்கணுமா?"

நீலவேணி கதைமேல் உனக்கு இருந்த பைத்தியம் லைனுக்கே தெரியும். மந்திரி விஜயரங்கனை நிலவறையில் அடைத்துவிட்டான், நீலவேணி ஆண்வேஷம் போட்டுக் காட்டில் தேடி அலைகிறாள். அந்த இடத்தில் 'தொடரும்' என்று போட்டிருந்தது. அந்த மாதம்தான் உனக்குக் காய்ச்சல் கண்டது.

நம் சபை வழக்கம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண், மாப்பிள்ளை இருவர் பெயரையும் கோயிலில் வாசித்து, இதற்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று போதகர் கேட்பார். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். உனக்கும் ஆண்டர்சன்பேட்டைப் பிள்ளைக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு நீ எழுந்திருக்கவில்லை. பெண் தேறி வரட்டும், அப்புறம் வாசிக்கலாம் என்று போதகர் நிறுத்தி வைத்தார்.

அந்த மத்தியானம் உன் நெற்றியில் நான் துணி நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். புதுப் பகுதி வந்துவிட்டதா, அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்களா என்று கேட்டாய். வந்துவிட்டது என்றேன். வரவில்லை. பழைய பகுதியையே பிரித்து வைத்துக்கொண்டு வாசிக்கிறவன் போல ஆரம்பித்தேன்.

எனக்குக் கதை கட்டத் தெரியுமா? நிலவறைக்குள் கேஜை இறக்கினேன். நாங்கள் ஏறி இறங்கும் அதே இரும்புக் கூண்டுதான். மணியடித்து விஜயரங்கனை மேலே ஏற்றினேன். மேலே நீலவேணி காத்துக்கொண்டு நிற்கிறாள். ராஜ கல்யாணம் எப்படி நடக்குமென்று எனக்கென்ன தெரியும்? நம் கோயிலிலேயே அவர்களுக்கு ஓலை வாசிக்க வைத்துவிட்டேன். உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

நீ கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய். "மூணாவது ஓலையும் வாசிச்சாங்களா நைனா?"

"வாசிச்சாங்க கண்ணு. யாரும் ஆட்சேபம் சொல்லல."

"அப்ப சரி" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

எஸ்தர், நீ அதை நம்பினாயா? கேஜையும் கோயிலையும் எந்தக் கதைக்காரர் எழுதுவார் என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டே, இந்தக் கிழவன் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாயா? சுரங்கத்துக்குள் இறங்கும்போதெல்லாம் இதே நினைப்பாக இருக்கிறது.

சரி, முடிவைச் சொல்கிறேன். சனிக்கிழமை பகுதி வந்தது. உன் அம்மாவை உட்காரவைத்து உரக்க வாசித்தேன். காட்டில் நீலவேணியைப் பாம்பு கடித்துவிடுகிறது. மறுநாள்தான் விஜயரங்கன் தப்பித்து வருகிறான். அவளைத் தகனம் செய்துவிட்டுக் காவி உடுத்திக் காசிக்குப் போய்விடுகிறான். பிறகு ஒரு பக்கம் முழுக்க விதியின் வலிமை.

எழுதியவர் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் ஒரு பெண் சாவதற்கு அவருக்கு அரைப்பக்கம் போதுமாக இருந்திருக்கிறது. மேற்கொண்டு உரக்க வாசிக்க என்னால் முடியவில்லை. வாய்விட்டு அழுதேன். இத்தனை நாளும் கதை நிஜம் மாதிரி இல்லை என்று உன்னோடு சண்டை பிடித்தேனே, இது நிஜம் மாதிரியே இருக்கிறது. எனக்கு வேண்டாம்.

உன் அம்மா அழவில்லை. பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள். எதிர்வீட்டுக் கன்னியம்மாவும் மற்றவர்களும், எஸ்தர் பாதியில் விட்ட கதை என்ன ஆயிற்று என்று அவளிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்றேன்.

"எம் பொண்ணுக்கு நீங்க சொன்னீங்களே, அதாங்க கதை. அவுங்களுக்கும் அத்தயே படிங்க" என்றாள்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அது உனக்குத் தெரியும். ஒருதரம் சொன்னேன், உனக்காக. இனி அது பொய்யாக இருக்கக் கூடாது.

ஆகையால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நம் வாசலில் நீ உட்கார்ந்த இடத்தில் நான் உட்காருவேன். அந்த ஆண்டர்சன்பேட்டைப் பிள்ளையையும் வரச் சொல்லியிருக்கிறேன். விஜயரங்கனைக் கேஜில் ஏற்றி மேலே கொண்டுவருவேன். நீலவேணிக்கு மூன்றாவது ஓலையையும் லைன் முழுக்கக் கேட்கும்படி வாசிப்பேன். ஆட்சேபம் உள்ளவர்கள், கதை எழுதியவரே ஆனாலும், என்னிடம் வந்து சொல்லட்டும்.

என்றும் உனக்குக் கதை சொல்லக் கடமைப்பட்ட,
உன் நைனா
கோலார் தங்க வயல்