உன் பேரால் இருந்த நோன்பு

அன்பு மகனே,

இறைவன் உன்னைத் தன் நிழலில் வைத்துக் காப்பானாக. அங்கே நீ உடலும் மனமும் செம்மையாக இருப்பாய் என்னும் நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று முழுமனத்தோடு எழுத இன்று கை வரவில்லை. நலத்தை நோக்கி மெல்ல நடந்துகொண்டிருக்கிறோம் என்று எழுதினால் பொய்யாகாது. உன் அப்பாவின் முழங்கால் வலி தணிந்திருக்கிறது, பணிமனையில் பேருந்துக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிற பொறுப்பை இளையவர்களுக்கு மாற்றிவிட்டார்களாம், அதனால் சட்டையில் எண்ணெய்க் கறையும் குறைந்திருக்கிறது. மாடி ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று. இவையெல்லாம் நான் சொல்ல வந்ததைத் தள்ளிப்போடும் வார்த்தைகள் என்பது எனக்கே தெரிகிறது. சொல்ல வந்தது உன் தங்கையை, நம் பொடிசைப் பற்றி. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை உன்னை அழைத்தேன். மூன்று முறையும் உன் ஊரில் மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

உனக்கு வேலை நிலைக்க வேண்டுமென்று உன் தங்கை நோன்பிருக்கிறாள் என்று முன்பொரு மடலில் எவ்வளவு பூரிப்போடு எழுதினேன். நீயும் நெகிழ்ந்துபோய் அவளுக்கு நன்றி சொல்லி எழுதினாய். வாரத்தில் ஒரு நாள் உண்ணாதிருப்பது எனக்கு இருபத்தாறு ஆண்டுப் பழக்கம். பதினேழு வயதுப் பெண் அதைத் தானாகக் கையில் எடுத்தபோது என் பிறவிப் பயனை அடைந்துவிட்டதாகவே எண்ணினேன். ஒரு நாள் இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று, பின் நாள்தோறும் வெள்ளரித் துண்டும் வெந்நீருமாயிற்று. நடுப்பகல் வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மாதவிலக்கு நின்று மூன்று மாதமாகியிருந்தது. தேர்வு பயம் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பிரார்த்தனைக் கூட்டத்தில் இவளைப் பற்றி வாய் ஓயாமல் பெருமை பேசினேன். மகனே, அச்சகத்தில் முப்பது ஆண்டு மெய்ப்புத் திருத்தியவள் நான். நமக்கு மிகப் பிடித்த பாட்டு அச்சுக்கு வரும்போதுதான் பிழை தப்பிவிடும். கண் தாளைப் பார்க்காமல் மனப்பாடத்தைப் படித்துக்கொண்டு போய்விடும். உன் தங்கையையும் நான் அப்படித்தான் படித்திருக்கிறேன். அவள் விளையாட்டு மைதானத்தில் மயங்கி விழுந்த பிறகு, நாம் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அவள் கைவிரல்களைத் தொட்டுப் பார்த்து, உணவுக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கென்றே உள்ள சிகிச்சை மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த மையத்துக்கு நாங்கள் போன காலைப் பொழுது இன்னும் கனவு போலவே எனக்குள் மிதக்கிறது. நீண்ட நடைக்கூடம், பால் நிறக் கண்ணாடி வழியே வடிந்து வந்த வெளிச்சம், அதில் நடப்பவர்கள் எல்லாரும் தரையில் கால் பாவாதவர்கள் போலிருந்தார்கள். செவிலி இவளை எடைக்கருவியில் முதுகு காட்டி நிற்கவைத்தாள். எண்ணை இவளுக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. படுக்கவைத்து நாடி பார்த்தாள், எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தாள். நாற்பத்தாறு என்று அவள் குறித்துக்கொண்டது என் கண்ணில் பட்டது. உறங்கும் குழந்தையின் அமைதி என்று நான் வியந்ததெல்லாம் இதயம் தன் பிழைப்புக்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்ட அமைதியாம். பிறகு எங்கள் மூவரையும் வட்டமாக உட்காரவைத்து, இது எப்போது தொடங்கியது என்று மையத்து டாக்டரம்மா கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து நோன்பின் கதையைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, நீ என்னம்மா சொல்றே என்று பொடிசின் பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, நோன்புன்னா ஒருநாள் முடியணும்ல, எனக்கு முடிக்கவே தெரியல என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், நான் கடவுள்கிட்ட எதுவும் கேட்கலம்மா, அண்ணன் பேரைச் சொன்னா நீங்க சாப்பிடுன்னு சொல்ல மாட்டீங்க, அதான் என்றாள். முதல்ல தலைக்குள்ள ஒரே நிம்மதியா இருந்துச்சு, அப்புறம் அதுவே என்னை அதட்ட ஆரம்பிச்சிடுச்சு என்றாள். பழம்புலவர்கள் பசியைத் தீ என்று பாடினார்கள், பாம்பு என்று பாடினார்கள்; எதிரே உணவிருந்தும் உண்ண அஞ்சும் பிள்ளையைப் பாடியவர் ஒருவரையும் நான் படித்ததில்லை. அன்று எனக்குத் துணைக்கு வர ஓர் அடியும் இல்லை.

யார் தப்புன்னு தேட நமக்கு நேரமில்லம்மா, இது பிடிவாதமும் இல்ல, அழகு பாக்குற ஆசையும் இல்ல, நோய். சாப்பாடுதான் முதல் மருந்து, அதைக் கொடுக்கப்போறது நீங்க ரெண்டு பேரும் என்றார் டாக்டரம்மா. ஒரு நாளைக்கு ஆறு வேளை. தட்டில் எது எவ்வளவு என்பதை அவள் தீர்மானிக்கக் கூடாது, நாங்கள் தீர்மானிக்க வேண்டும். கூடவே உட்கார்ந்து உண்ண வேண்டும், உண்டபின் ஒரு மணி நேரம் அருகிலேயே இருக்க வேண்டும். அளவை ஒரேயடியாகக் கூட்டினால் இரத்தத்தில் உப்புகள் குலையுமாம், ஆகையால் அவர்கள் சொன்ன அளவில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும், அடிக்கடி இரத்தமும் பார்ப்பார்கள். வாரம் ஒரு முறை அங்கே போக வேண்டும். நாடி இன்னும் இறங்கினால் அன்றைக்கே வார்டில் சேர்த்துவிடுவார்கள். அதைக் கேட்டதும் பொடிசு என் கையைப் பற்றிக்கொண்டாள், பனிக்கட்டி போலிருந்தது. உன் அப்பா தன் பங்குக்கு, டீசல் ஊத்தாம வண்டியைத் தள்ளிக்கிட்டே போக முடியுமா பொடிசு என்றார். அப்பா, நான் என்ன உங்க டிப்போ வண்டியா என்றாள் அவள். ஒரு கணம் அந்த அறையில் நம் பழைய வீடு வந்து போயிற்று. கடைசியாக, வீட்ல வேற யாராவது பட்டினி இருக்கீங்களா என்று கேள்வி வந்தது. உன் அப்பா பள்ளிக்கூடத்துப் பையனைப் போல என்னை நோக்கி விரல் நீட்டினார். இவ குணமாகுற வரைக்கும் வீட்ல யாருக்கும் நோன்பு வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நான் மட்டும் வேறு அறையில் இருந்துகொள்கிறேனே என்று கெஞ்சினேன். அப்போ அவ தட்டுக்கு எதிர்ல யார் உட்காருவாங்க என்று கேட்டார்.

முதல் நாட்களை விரித்து எழுத மாட்டேன். ரொட்டியைச் சட்டைக் கைக்குள் ஒளித்தாள், என்னைச் சொல்லத் தகாத சொற்களால் ஏசினாள், இரண்டு மணி நேரம் ஒரு கிண்ணத்தின் முன் கல்லாய் அமர்ந்தாள். ஐந்தாம் நாள் என் நோன்பு நாளாக அமைந்தது. நண்பகலில் அவளுக்குச் சோறும் பருப்பும் முட்டையும் பரிமாறினேன். இன்னைக்கு உங்க நாள்தானே, நீங்க இருக்கலாம், நான் இருக்கக் கூடாதா என்று கேட்டாள். குரல் அவளுடையது, கேள்வி நோயினுடையது. உண்ணாமையின் மேன்மை பற்றி நான் ஓதி வந்ததெல்லாம் ஒன்றாய் எழுந்து என் முன் நின்றது. ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. இறைவா, உன் முன் குற்றவாளியாகவும் இவள் முன் தாயாகவும் இருக்கிறேன் என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, ஒரு வாய் உண்டேன். ஆற்றுக்கு மேல் கட்டிய கயிற்றில் யாரோ நடப்பதைப் பார்ப்பவள் போல அவள் என் வாயையே பார்த்தாள். நான் இரண்டாவது வாய் உண்டேன். அவள் கரண்டியை எடுத்தாள். ஐம்பது நிமிடமாயிற்று, தட்டு காலியாயிற்று. பிறகு அந்த ஒரு மணி நேரமும் என் மடியில் தலைவைத்து, வயிறு கனக்குதும்மா, பயமா இருக்கு என்று முனகியபடியே உறங்கிப்போனாள். வெயில் தரையில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழிபாட்டின் முடிவில் எனக்கு எப்போதாவது வாய்க்கும் அந்த நிறைவு, வயிறு நிறைந்திருந்த அந்தப் பகலில் வந்தது. மாலையில் பால் டம்ளரைத் தள்ளிவிட்டு அழுதாள், அதுவும் உண்மை. சென்ற வாரம் நாடி ஐம்பது. வார்டு இப்போதைக்கு இல்லை. முழுதும் தேற ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம் என்கிறார்கள்.

நீ உன்னையே நொந்துகொள்ளாதே. உன் பேர் இல்லையென்றால் நோய் வேறொரு பேரைத் தேடிக்கொண்டிருக்கும். திரையில் அவளைப் பார்க்கும்போது இளைத்துவிட்டாய் என்றும் சொல்லாதே, முகம் தெளிந்துவிட்டது என்றும் சொல்லாதே. இரண்டையும் அந்த நோய் தனக்கு வேண்டியபடி திருப்பிக்கொள்ளும். எங்கள் நண்பகல் உனக்குக் காலை. உன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்து, உன் அலுவலகத்து வெட்டிக்கதைகளைச் சொல்லிக்கொண்டே நீயும் உண்டால் போதும். நீ காலை உணவைத் தவிர்க்கிறவன் என்பது எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. இனி அதுவும் கூடாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பொடிசு பின்னால் வந்து நின்று, அண்ணனுக்கா என்று கேட்டாள். ஆம் என்றேன். நான் பொய் சொன்னேன்னு எழுதிடுங்க, திட்டினாலும் பரவால்ல, தேங்க்ஸ் மட்டும் இனி சொல்ல வேண்டாம்னு எழுதுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

இறைவன் உன் உடலையும் உழைப்பையும் காக்கட்டும். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். ஞாயிறு எங்கள் பகல் ஒரு மணிக்கு அழைக்க மறவாதே, தட்டோடு.

மூன்று வேளையும் உண்கின்ற
உன் அம்மா